மேடையில் பாடிப் பிழைக்க: இளம் நாடகப் பாடகர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஆப்பரா மாதிரி கதையைப் பாடியே நடத்துகிற கலை நம்மிடம் இசை நாடகம். ஊர்ப் பேச்சில் ஸ்பெஷல் நாடகம். பங்குனி தொடங்கி ஆடி வரை தென் மாவட்டத்துக் கோயில் பொங்கல்களில் வள்ளி திருமணமும் அரிச்சந்திரன் மயான காண்டமும் இன்னும் விடிய விடிய நடக்கின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமிருந்து இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. தொண்டை கெடாமல் பாடுவது, கடன்படாமல் வாழ்வது, ஊருக்கு உபயோகமாக நாலு வார்த்தை சொல்வது மூன்றும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி.

1. கட்டையை வீம்புக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று உச்சத்தில் பாடினார்கள். செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் அப்படிப் பாடிப் பெயர் வாங்கியவர்கள். இன்று வாய்க்கு நேரே மைக் தொங்குகிறது. ஆனாலும் ராஜபார்ட் என்றால் ஐந்து கட்டைக்குக் குறையக்கூடாது என்று அடம்பிடிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் சாரீரம் மூன்றரையில் சுகமாக நிற்கிறதென்றால் ஆர்மோனியக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், மிருதங்கம் இன்னோர் ஊர். மேடைக்குப் பின்னால்தான் முதல் சந்திப்பே. அரிதாரம் பூசும்போதே இருவரும் சுருதியைப் பேசி முடித்துக்கொள்ளாவிட்டால், தர்க்கம் நடக்கிற இடத்தில் யாராவது ஒருவர் கத்த வேண்டிவரும்.

2. அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகு எல்லாம் தொண்டைக்கு இதம் தரும். ஆனால் குரலை வளர்ப்பது தினசரி அகார சாதகம்தான். பாடுமுன் 'க்ர்ர்' என்று செருமாதீர்கள். ஒரு மடக்கு வெந்நீர் விழுங்குங்கள். மறுநாள் கிசுகிசுத்துப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைப்பதும் தப்பு. பேசாமல் இருப்பதே ஓய்வு. பகலில் நூற்பாலையில் வேலை பார்த்துவிட்டு இரவில் பாடுகிறவர்கள் ஆலையில் முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது. பஞ்சுத் தூசியோடு எந்தக் கஷாயமும் மல்லுக்கட்ட முடியாது. குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பாட்டி வைத்தியத்துக்கு அதற்கு மேல் தவணை கொடுக்காதீர்கள்.

3. புரோட்டா சால்னா, பால்கோவா இரண்டும் விடிந்த பிறகு.

4. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் ஆண்டாள் கோயிலுக்குப் போய் அரையர் சேவையைப் பாருங்கள். அரையர்கள் பரம்பரை உரிமையாகச் செய்யும் சேவை அது. கற்றுக்கொண்டு நாம் ஆட முடியாது. பார்க்க யார் தடுக்கிறார்கள்? பாசுரத்தைப் பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, பிறகு வியாக்கியானமும் சொல்கிறார்கள். கையில் குழித்தாளம் மட்டும். இடறும் இடத்தில் தூக்கிவிட ஆர்மோனியம் இல்லை. சொல்லை எங்கே நிறுத்தி, எங்கே மூச்செடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். நம் மேடையில் சொல்லை விழுங்கிவிட்டு ராகத்தை மட்டும் இழுக்கிறவர்களுக்கு இது ஒரு பாடம்.

5. முறையாகப் படிக்க விரும்பினால் விருதுநகர் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பு. மேலே போக மதுரையில் அரசு இசைக் கல்லூரி. மேற்கத்திய ஆப்பராதான் ஆசை என்றால் சென்னைக்குப் போக வேண்டும். ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் அந்த முறையில் குரல் பயிற்சி தருகிறார்கள். 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை உண்டு: மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. குருவிடம் கற்று வருகிறவர்களுக்கான தொகை இது. வயது தாண்டிய பிறகு வருத்தப்படாதீர்கள்.

6. விசுவநாத தாஸின் வாழ்க்கையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். நமக்குப் பக்கத்து ஊர். வள்ளி திருமணத்தின் நடுவில் வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டை எடுப்பார். கொக்கு யாரென்று கூட்டத்துக்கும் தெரியும், ஓரமாக நிற்கும் போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு; தேசியம் பாடிய மேடையிலேயே அந்த அவமானமும் இருந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. கதையை இதோடு நிறுத்திக் கைதட்டிவிடுவது வழக்கம். கடைசிக் காலத்தில் கடன் அவரை எப்படி நெருக்கியது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியம். சுந்தராம்பாளும் காங்கிரசுக்காகப் பாடியவர்தான். கணவர் கிட்டப்பா 1933-ல், 27 வயதில் போன பிறகு ஒதுங்கியிருந்தவர், 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கேட்டு வாங்கினார். 1935-ல் அது பிரமிக்க வைத்த தொகை. பிற்பாடு சட்ட மேலவைக்கும் போனார். கொள்கை உள்ளவர் கூலி பேசக்கூடாது என்று யாராவது சொன்னால், இந்த லட்ச ரூபாயை ஞாபகப்படுத்துங்கள்.

7. தேதி கொடுக்கும்போதே முன்பணம் வாங்குங்கள். எந்த ஊர், எத்தனை மணிக்கு மேடை ஏற வேண்டும், வண்டிச் சத்தம் யார் தருவது, மழை வந்தால் என்ன கணக்கு என்று நாலு வரி எழுதி ஏஜெண்டிடமும் விழாக் கமிட்டியிடமும் கையெழுத்து கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். சீசனில் தொடர்ந்து நாலு ராத்திரி ஒப்புக்கொள்கிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். இரண்டு ராத்திரிக்கு ஒரு ராத்திரி ஓய்வு விட்டால் வருமானம் குறையும். தொண்டை பல வருஷம் கூட உழைக்கும்.

8. வெல்வெட், ஜிகினா உடுப்பை அலசாதீர்கள். உள்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயவிட்டு, மடிக்காமல் தொங்கவிடுங்கள். அரிதாரம் கலைக்கத் தேங்காய் எண்ணெய், அதன் பிறகு சோப்பு. ஒருவர் பூசிய பஞ்சை இன்னொருவர் தொடவேண்டாம்.

9. ஸ்திரீபார்ட் பெண்களுக்கு: உடுப்பு மாற்ற மறைவான இடமும் கழிப்பறையும் உண்டா என்பது சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. கமிட்டிக்காரர்கள் நெளிவார்கள். நெளியட்டும். அடுத்த வருஷம் வருகிற பெண்ணுக்கு அந்த இடம் தயாராக இருக்கும். பெண் கலைஞர்கள் சேர்ந்து வேன் பிடித்துக்கொள்வது பழைய பழக்கம், நல்ல பழக்கம். நடுராத்திரி பஸ் நிலையத்தில் நிற்பதை விடச் செலவு அதிகம்தான், ஆனால் அந்தச் செலவைக் கூலியிலேயே சேர்த்துப் பேசலாம்.

10. ஊர் விஷயம் பேச நாடகத்திலேயே இடம் இருக்கிறது. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கம் எழுதிவைத்ததல்ல. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நீளும். வள்ளி தினைப்புனம் காப்பவள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமான மலையடிவாரத்து ஊர்களில், பயிரைத் தின்னவரும் காட்டு விலங்கைப் பற்றி வள்ளி புலம்பினால் சனம் நிமிர்ந்து உட்காரும். காட்டையும் விட்டுக்கொடுக்காமல் நாரதர் பதில் சொல்ல வேண்டும், அதுதான் சவால். குடி, வரதட்சணை, கண்மாய் ஆக்கிரமிப்பு எதுவானாலும் ஓர் இரவுக்கு ஒன்று போதும். எல்லாவற்றையும் திணித்தால் அது அரசாங்க விளம்பரம். கட்சிக்காரர் பணம் தந்து ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சாதிப் பெருமை பாடச் சொன்னாலும் அப்படியே. பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சுக்கு நீங்கள் சிரித்துக்கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

11. சீசன் முடிந்ததும் சும்மா இருக்கும் மாதங்களில் உள்ளூரில் பாடுங்கள். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தவர். ராஜபாளையத்தில் தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அங்கே ஒரு மாலை கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள். பள்ளிக்கூடங்களில் அரிச்சந்திரனை அரை மணியில் பாடிக் காட்டலாம். பணம் சொற்பம்தான். நாளைக்கு நாடகம் பார்க்க வரப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

12. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அப்படி. போலீஸ் அனுமதிக் கடிதத்தைக் கமிட்டி கையில் வைத்திருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். பாதியில் நாடகம் நின்றால் பாதிக் கூலிதான் என்று பேசுகிறவர்கள் உண்டு.

13. யூடியூபில் உங்கள் பாட்டை நீங்களே ஏற்றுங்கள். ஊர்ப் பையன் படம்பிடித்து ஏற்றுவதை நம்ப வேண்டாம். சினிமாப் பாட்டு பாடினால் கம்பெனிக்காரர்கள் உரிமை கேட்டு வருவார்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் பாட்டு பொதுச்சொத்து. சங்கரதாஸ் சுவாமிகள் காலமானது 1922-ல், மதுரகவி பாஸ்கரதாஸ் 1952-ல். இருவர் பாட்டையும் தாராளமாகப் பாடுங்கள், யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் இன்னொருவர் பாடிய பழைய ஒலிப்பதிவை எடுத்துப் போடுவது வேறு சங்கதி.

14. வங்கிக் கணக்கிலிருந்து வருஷம் 20 ரூபாய் பிடித்தால் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. இரண்டும் மத்திய அரசுத் திட்டங்கள். ராத்திரிப் பயணமே தொழிலான நமக்கு முதலாவது அவசியம். அடுத்து நாடக நடிகர் சங்கத்தில் சேருங்கள், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திலும் பதிவு செய்யுங்கள்.

15. மாவட்டக் கலை மன்ற விருதுகளை வயது வாரியாகத் தருகிறார்கள். 18 வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி. அறிவிப்பு வரும்போது காட்டுவதற்கு நாடக நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு, வயதுச் சான்று மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். நோட்டீஸில் உங்கள் பெயரைச் சரியான எழுத்தில் அச்சடித்திருக்கிறார்களா என்று அச்சகத்துக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.