எந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

இந்த வருடம் படித்ததில் எதைச் சிபாரிசு செய்வீர்கள் என்று கேட்பவர்களிடம் வெறும் பட்டியலை நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்ல நாவலைப் பாதியில் மூடிவைத்தவர்களில் பலர் அதற்கு ஒவ்வாத வேகத்தில் படித்தவர்கள். வாரத் தொடராக வந்ததை இரண்டே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். ஒரே மூச்சில் படிக்கவேண்டியதை ஒரு மாதம் இழுப்பார்கள். அதனால் படிக்கும் முறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாசிப்பு விட்டுப்போனவர்கள் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் தொடங்கலாம். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடத்தோடு அலையும் ஜமுனா, அவள் தங்கை சாயா, டீச்சரம்மா. ஒரு ஞாயிறு மதியம் போதும். இடைவெளி விட்டால் ஜமுனாவுக்குள் மெல்ல நடக்கும் மாற்றம் பிடிபடாமல் போகும்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இதற்கு நேர் எதிர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வசமான மெடானும் பினாங்கும்தான் களம். சிங்காரம் இளம் வயதில் மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். வட்டிக்கடை, அடுத்தாள், பெட்டியடிப் பையன், இடையிடையே மலாய்ச் சொற்கள் என்று எல்லாம் விளக்கமின்றி வந்து விழும். தொடக்கத்திலேயே பலர் திணறி நின்றுவிடுவது இதனால்தான். தெரியாத சொல்லுக்கெல்லாம் நிற்காதீர்கள். கதை எங்கே போகிறது என்றும் தேடாதீர்கள். நாயகன் பாண்டியன் கடல் கடந்த ஊரிலிருந்து மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்க்கும் பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். அந்த நடையின் அருமை காதில்தான் விளங்கும். தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் பகுதியை மட்டும் இடையில் எழுந்திருக்காமல் படித்துவிட வேண்டும். கடல் கடந்த தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்களில் இதற்கு இணையாக நான் இன்னொன்றைப் படித்ததில்லை.

உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ என்றால் தடிமனைப் பார்த்தே பயப்படுகிறார்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தது அது, 122 அத்தியாயங்கள். தினம் ஒன்று என்றால் நான்கே மாதம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களை நிதானமாகப் படியுங்கள். கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டால், பிறகு உங்களை யாரும் தூண்டவேண்டியதில்லை. அங்கிருந்து 1887இல் நூல் அச்சேறும்வரை ஏடு தேடும் படலம் துப்பறியும் கதைபோல விறுவிறுவென்று ஓடும்.

1942இல் அவர் மறைந்ததால் சரித்திரம் முற்றுப்பெறவில்லை. அந்த ஏக்கம் மிஞ்சினால், 1937இல் அவர் உரையோடு பதிப்பித்த குறுந்தொகையை எடுங்கள். 401 பாட்டுகள், பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிக்குள். நாளுக்கு ஒன்று போதும். பாட்டை முதலில் இரண்டு முறை, உரை அப்புறம்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) பனையேறிக் குடும்பத்துப் பையனை நேசிக்கும் லிஸியின் கதை. குமரிப் பேச்சு முதலில் கொஞ்சம் தடுக்கும், பிறகு அதுவே பிடித்துப்போகும். காதலை மட்டும் பின்தொடராமல், வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு உலகம் எவ்வளவு குறுகிப்போகிறது என்பதைக் கவனியுங்கள்.

பயணத்துக்கு ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. காந்தியைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 1940இல் வெளியானது. அதற்காகப் பழைய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்த அனுபவம் இது. தன் பெருமையைத் துளியும் பேசாத எழுத்து.

இவற்றில் எதையாவது நண்பருக்குக் கொடுத்தால், எங்கே தடுக்கும், எந்த இடம்வரை பொறுக்கவேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாத புத்தகத்தின் பெயரை எழுதி நூலகரிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.