ஆய்வுக்கூடத்தில் வளரும் குடல்

மருத்துவ உதவி கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் சிலர், "ஸ்டெம் செல் வைத்தால் குடல் நோய் தீருமாமே?" என்று கேட்கிறார்கள். அதற்கான விளக்கமே இந்தக் கட்டுரை.

உடலின் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய தொடக்கநிலை உயிரணுவே ஸ்டெம் செல், தமிழில் குருத்தணு. முன்பு மனிதக் கருவிலிருந்தே இத்தகைய அணுக்களை எடுத்தார்கள். கருவைச் சிதைப்பது தகுமா என்ற தயக்கம் நம்மில் பலருக்கு இருந்தது. 2007-இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா, மனிதத் தோல் அணுக்களையே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் நோபல் பரிசும் பெற்றார்.

2011-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், ஜேம்ஸ் வெல்ஸ் குழுவினர் மனிதக் குருத்தணுக்களிலிருந்து குடல் திசுவை வளர்த்தனர். கருவில் குடல் உருவாகும்போது கிடைக்கும் வேதிச் சைகைகளை அதே வரிசையில் கொடுத்ததுதான் வழி. சில வாரங்களில், சத்தை உறிஞ்சும் அணுக்களும் சளி சுரக்கும் அணுக்களும் கொண்ட சிறு உருண்டைகள் கிடைத்தன. ஆனால் அவற்றில் நரம்பு இல்லை. பின்னர் நரம்புக்கு மூலமான அணுக்களையும் சேர்த்து வளர்த்தபோது, அந்தத் திசு குடலைப் போலவே சுருங்கி விரிந்தது.

இதனால் என்ன பயன்? சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்று ஹிர்ஷ்பிரங் நோயுடன் பிறக்கிறது. கருவில் குடல் நரம்பணுக்கள் மேலிருந்து கீழாக நகர்ந்து வரவேண்டும். அவை பாதியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதி இயங்காது, மலம் தேங்கிவிடும். தாயின் வயிற்றுக்குள் நடக்கும் இந்தத் தவறை இப்போது ஆய்வுக்கூடத்திலேயே கவனிக்க முடிகிறது. மருந்துகளையும் அந்தத் திசுவில் சோதிக்கலாம்.

ஆனால் இது நோயை அறிவதற்கான மாதிரி; இன்னும் சிகிச்சை ஆகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம்.

ஆகவே தாய்மார்களே, பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் மலம் கழிக்காவிட்டால், வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், உடனே குழந்தை அறுவை மருத்துவரிடம் செல்லுங்கள். நரம்பில்லாத பகுதியை நீக்கி, நல்ல குடலை இணைக்கும் அறுவை சிகிச்சை இன்றே இருக்கிறது. விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.