எந்தக் கட்டைக் குழல் வாங்கலாம்?



புல்லாங்குழல் கத்துக்க ஆசையா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க. வீணைக் கம்பியை முறுக்கிச் சுருதி மாற்றலாம். மூங்கிலை முறுக்க முடியுமா? துளை போட்டது போட்டதுதான்! எனவே வாங்கும்போதே சுருதி பார்க்க வேண்டும்.

கட்டை என்றால் என்ன? ஹார்மோனியத்தில் 'ஸ' எந்தக் கட்டையில் அமைகிறதோ, அதுவே சுருதி. வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3 என்று போகும். இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை. 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்பு இல்லை. அதனால் மூன்றரைக் கட்டையே கிடையாது!

குழல் நீளமானால் உள்ளே இருக்கும் காற்றுத்தம்பமும் நீளும், அதிர்வெண் குறையும், ஒலி கனமாக வரும். குழல் குட்டையானால் ஒலி கீச்சென்று ஏறும். 1 கட்டையைவிட 5 கட்டையின் அதிர்வெண் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

1 கட்டைக் குழல் கேட்க இனிமை. ஆனா துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். சின்ன விரல் எட்டாது. துளை சரியா மூடலைன்னா வெறும் காத்துதான் வரும். 5 கட்டையில் துளைகள் நெருக்கம். நம்ம வயசுக்கு அதுவே தோது. விரல் முறை எல்லாக் கட்டைக்கும் ஒன்றுதான். பிறகு பெரிய குழலுக்கு மாறினாலும் படித்தது வீணாகாது.

நினைவில் கொள்க:

1. கர்நாடக இசைக் குழலில் ஊதும் துளை தவிர 8 துளைகள் இருக்கும். எண்ணிப் பார்த்து வாங்குங்க.

2. விரல்கள் சிரமமில்லாம துளைகளை மூடுதான்னு கடையிலேயே பாருங்க.

3. பாடுறவங்களோட சேர்ந்து வாசிக்கணும்னா அவங்க கட்டையைக் கேட்டுக்கோங்க. பொதுவாகப் பெண்கள் 5 கட்டையையும் ஆண்கள் 1 கட்டையையும் ஒட்டிப் பாடுவார்கள். கட்டை மாறினால் பாட்டு ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம்!

அழகைப் பார்த்து வாங்காதீர்! விரலைப் பார்த்து வாங்குவீர்!