கச்சேரி ஒரு தடவைதான்: போன் கேமரா வீடியோவை நிரல் வழியாகப் பதிவும் நேரலையும் செய்வது எப்படி?

போன் கேமராவில் வர்ற வீடியோவை நம்ம சொந்த நிரலால பதிவு செய்றது எப்படி, அதே நேரத்தில் இணையத்தில் நேரலையா அனுப்புறது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். "அதுக்குத்தான் ஆயிரம் ஆப் இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். இருக்கு. ஆனா அந்த ஆப் நடுவுல நின்னுபோனா ஏன் நின்னுச்சுன்னு தெரியணும்னா, உள்ளே நடக்கிறது தெரிஞ்சிருக்கணும்.

உதாரணத்துக்கு நம்ம ஊர் மார்கழி சீசனையே எடுத்துக்கலாம். 2020 டிசம்பரில் கொரோனாவால் மயிலாப்பூர், தி.நகர் அரங்குகள் வழக்கம்போல நிரம்பவில்லை. மியூசிக் அகாடமி தன் விழாவை இணையத்தில் நடத்தியது. நகர சபாக்களின் கூட்டமைப்பு 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்ற பெயரில் கச்சேரிகளை இணையத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்தே பரிவாதினி போன்ற அமைப்புகள் நாகஸ்வரக் கச்சேரிகளை யூடியூபில் நேரலையாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. பெரிய மேடைக்கு மூணு கேமரா, சவுண்ட் மிக்ஸர், தனி இணைய இணைப்பு எல்லாம் கிடைக்கும். கோயில் மண்டபத்திலோ சின்ன ஹாலிலோ முதல் தடவை பாடுற பொண்ணுக்குக் கிடைக்கிறது, ஸ்டாண்டில் மாட்டின ஒரே ஒரு போன். படியேற முடியாத பாட்டி வீட்டிலிருந்து பார்ப்பதும் அந்தப் போன் வழியாகத்தான். அன்றைக்கு அவள் பாடின ஆலாபனையை நாளைக்குத் திரும்ப அதே மாதிரி பாட வைக்க முடியாது.

அதனால ஒரு விஷயத்தை முதல்லயே மனசுல போட்டுக்கோங்க. பதிவு எதையும் இழக்கக் கூடாது, தாமதமானா பரவாயில்லை. நேரலை தாமதமாகக் கூடாது. கொஞ்சம் இழந்தா பரவாயில்லை. ரெண்டும் நேர் எதிரான தேவைகள். ரெண்டையும் ஒரே குழாயில் விட்டால் நெட்வொர்க் திணறும்போது பதிவும் சேர்ந்து கெடும்.

முதல்ல கொஞ்சம் கணக்கு

முழு எச்டி ஃப்ரேம் என்பது 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். போன் கேமராக்கள் வழக்கமாகக் கொடுக்கும் 4:2:0 வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு சராசரியாக ஒன்றரை பைட். ஆக ஒரு ஃப்ரேம் சுமார் 3.1 மெகாபைட். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 93 மெகாபைட், பிட் கணக்கில் கிட்டத்தட்ட 746 மெகாபிட். இதை அப்படியே அனுப்பவும் முடியாது, ரொம்ப நேரம் சேமிக்கவும் முடியாது.

இங்கேதான் எச்.264 மாதிரியான என்கோடர் வருது. அடுத்தடுத்த ஃப்ரேம்களுக்கு நடுவில் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மாற்றத்தை மட்டும் எழுதுவதுதான் அதன் அடிப்படை. எப்போதாவது ஒரு முழு ஃப்ரேம் வரும், அதுதான் கீ-ஃப்ரேம். மற்றவை அதைச் சார்ந்து நிற்கும். மேடையில் உட்கார்ந்து பாடுகிற மூன்று பேர், அசையாத பின்திரை. இதைவிட என்கோடருக்குச் சுலபமான காட்சி இல்லை. 746 மெகாபிட் 4 மெகாபிட்டாகச் சுருங்கினாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு 4.5 ஜிகாபைட்.

பைத்தானில் ஒரு முயற்சி

நம்மில் பலர் முதலில் செய்வது இதுதான்: போனில் ஐபி வெப்கேம் ஆப்பைப் போட்டு, அது காட்டும் முகவரியை லேப்டாப்பில் ஓபன்சிவியின் வீடியோகேப்சருக்குக் கொடுத்து, வரும் ஃப்ரேம்களை வீடியோரைட்டரில் எழுதுவது. பத்தே வரிகளில் முடியும். இமேஜ் பிராசசிங் மினி புராஜெக்டுக்கு இது போதும். கச்சேரிக்குப் போதாது. காரணம் ரெண்டு.

ஒன்று, இந்த வழியில் ஓபன்சிவி படத்தை மட்டும்தான் எடுக்கும், ஒலி வராது. சத்தமே இல்லாத கச்சேரியை வெச்சு என்ன பண்றது?

இரண்டு, வீடியோரைட்டரிடம் 'நொடிக்கு 30 ஃப்ரேம்' என்று முன்கூட்டியே சொல்கிறோம். ஹாலில் வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக நேரம் எடுத்து, நொடிக்கு 20 மட்டும் கொடுக்கலாம். நிரலுக்கு அது தெரியாது. ஒரு மணி நேரக் கச்சேரி 40 நிமிஷத்தில் ஓடி முடியும். ஆதி தாளம் துரித காலத்துக்குப் போயிடும்!

இதிலிருந்து கிடைக்கும் பாடம்: ஃப்ரேமை எண்ணி நேரம் கணக்குப் பண்ணக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரேமோடும் கேமரா தரும் நேரக்குறியைத்தான் ஃபைலில் எழுத வேண்டும். ஒலிக்கும் அப்படியே. மைக்கின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகினாலே, இரண்டரை மணி நேர முடிவில் கிட்டத்தட்ட அரை நொடி வித்தியாசம் வந்துவிடும். விரல் மிருதங்கத்தில் விழுந்து அரை நொடி கழித்துச் சத்தம் வந்தால் யாருக்கும் பொறுக்காது.

பதிவு: ஃபைல் ஏன் திறக்க மாட்டேங்குது?

ஆண்ட்ராய்டில் பதிவுக்குச் சுலபமான வழி மீடியாரெக்கார்டர், அல்லது கேமராஎக்ஸில் உள்ள வீடியோகேப்சர். இன்னும் கீழே இறங்கினால் மீடியாகோடெக் (என்கோடர்), மீடியாமக்ஸர் (ஒலியையும் படத்தையும் ஒரே ஃபைலில் கட்டுவது). எந்த வழியில் போனாலும் எம்பி4 ஃபைலின் அமைப்பு ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். எந்த ஃப்ரேம் ஃபைலில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அதில் ஓரிடத்தில் இருக்கும். வழக்கமாக அது பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் பேட்டரி போனாலோ ஆப் செத்தாலோ அட்டவணை இல்லாத ஃபைல்தான் மிஞ்சும். தரவெல்லாம் உள்ளே இருக்கும், பிளேயர் திறக்காது. பொருளடக்கமும் பக்க எண்ணும் கிழிந்துபோன புத்தகம் மாதிரி.

தீர்வு: ஒரே நீளமான ஃபைலாக எழுதாதீங்க. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஃபைல். நொடிக்கு 8 மெகாபிட் என்றாலும் ஒரு துண்டு 300 மெகாபைட்தான். ஒரு கீ-ஃப்ரேமில் பழைய ஃபைலை மூடி, அதே கீ-ஃப்ரேமிலிருந்து புதிய ஃபைலைத் தொடங்கினால் நடுவில் ஓட்டை விழாது. பிறகு எஃப்எஃப்எம்பெக்கில் மறுபடி என்கோட் செய்யாமலே ஒட்டிவிடலாம். ஆப் செத்தாலும் இழப்பு அதிகபட்சம் ஐந்து நிமிடம்.

பிரவுசரில் செய்பவர்களுக்கு: கெட்யூசர்மீடியா, மீடியாரெக்கார்டர் இரண்டும் போதும். ஸ்டார்ட் என்ற ஃபங்ஷனுக்கு 1000 என்று கொடுத்தால், நொடிக்கொரு துண்டு கையில் வரும். அதை உடனே சேமித்துவிடுங்க, மெமரியில் அடுக்கி வைக்காதீங்க. பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருந்தால்தான் கேமரா திறக்கும். சோதனைக்கு லோக்கல்ஹோஸ்ட் விதிவிலக்கு.

நேரலை: எந்த வழியில் அனுப்புவது?

போனிலிருந்து சர்வருக்கு அனுப்ப நீண்ட காலமாக இருப்பது ஆர்டிஎம்பி. ஃப்ளாஷ் காலத்தில் மேக்ரோமீடியா உருவாக்கியது. ஃப்ளாஷ் போய்விட்டது, ஆர்டிஎம்பி இன்னும் இருக்கிறது. யூடியூப் இன்றும் இதை ஏற்கிறது. இது டிசிபி மேல் ஓடுவதால், தொலைந்த பாக்கெட் திரும்ப வரும்வரை பின்னால் வருவதெல்லாம் காத்திருக்கும்.

சர்வரிலிருந்து பார்வையாளருக்குப் போவது பெரும்பாலும் எச்எல்எஸ். ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்தது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண வெப் சர்வரிலிருந்தே கொடுக்கலாம். துண்டு 6 நொடி, பிளேயர் மூன்று துண்டு பின்னால் தொடங்கும் என்றால் 18 நொடி தாமதம். கச்சேரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பாட்டி 18 நொடி கழித்துக் கை தட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆன்லைன் பாட்டு கிளாஸ் என்றால் கதை வேறு. குரு பாடி சிஷ்யை உடனே திருப்பிப் பாடணும். அதற்கு ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் தரும் வெப்ஆர்டிசி வேண்டும். எதற்கு என்று முடிவு செய்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்க.

கூட்டத்தில் என்ன ஆகும்?

பங்குனித் திருவிழாவில் எட்டாம் நாள், அறுபத்து மூவர். மயிலாப்பூர் மாட வீதிகள் நாலும் தலைகளாகத் தெரியும். எல்லார் கையிலும் போன், எல்லாரும் வீடியோ அனுப்புகிறார்கள். சுற்றியுள்ள சில டவர்களைத்தான் அத்தனை பேரும் பங்கு போடணும். காலையில் அளந்து பார்த்தபோது 10 மெகாபிட் காட்டிய அப்லோட், சாமி புறப்பாட்டின்போது அரை மெகாபிட்டாக இறங்கலாம். பிட்ரேட்டை 4 என்று கல்லில் செதுக்கி வைத்த நிரல் இங்கே தோற்கும். அனுப்ப முடியாத ஃப்ரேம்கள் வரிசையில் சேரும், மெமரி நிரம்பும், கடைசியில் ஆப்பே விழும். நேரலையும் பதிவும் ஒரே குழாய் என்றால் பதிவும் அதோடு போச்சு.

அதனால் நிரலின் அமைப்பு இப்படி இருக்கட்டும்:

1. கேமராவைத் திற. அதன் வெளியீட்டை இரண்டு என்கோடர்களுக்குக் கொடு.
2. முதல் என்கோடர்: முழு எச்டி, நிலையான 8 மெகாபிட். இதன் வெளியீடு நேராக ஐந்து நிமிட ஃபைல்களுக்கு. நெட்வொர்க் என்று ஒன்று இருப்பதே இதற்குத் தெரியக் கூடாது.
3. இரண்டாவது என்கோடர்: 1280 × 720, தொடக்கத்தில் 2 மெகாபிட், இரண்டு நொடிக்கு ஒரு கீ-ஃப்ரேம். இதன் வெளியீடு அளவு வரையறுத்த ஒரு வரிசைக்கு.
4. தனி த்ரெட் ஒன்று வரிசையிலிருந்து எடுத்து சர்வருக்கு அனுப்பட்டும்.
5. வரிசையில் இரண்டு நொடிக்கு மேல் சேர்ந்தால் பிட்ரேட்டைக் குறை. மீடியாகோடெக் ஓடும்போதே இதை மாற்ற விடும்.
6. அப்படியும் வரிசை நிரம்பினால் பழையதைத் தூக்கிப்போடு. ஆனால் அடுத்த கீ-ஃப்ரேம் வரை மொத்தமாகத் தூக்கு. நடுவில் ஒன்றை மட்டும் எடுத்தால் அதைச் சார்ந்தவையெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும்.
7. ஒலியை மட்டும் கடைசிவரை விடாதே. 128 கிலோபிட்தான். படம் உறைந்தாலும் பாட்டு கேட்கட்டும்.
8. இணைப்பு அறுந்தால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளி விட்டு மறுபடி முயற்சி செய்.

இரண்டு என்கோடரைத் தாங்காத பழைய போன் என்றால், ஒரே என்கோடரை 2 மெகாபிட்டில் வைத்து வெளியீட்டை மட்டும் இரண்டாகப் பிரியுங்க. தரம் குறையும், ஆனால் பதிவு தப்பிக்கும். எப்படியானாலும், அளந்த அப்லோட் வேகத்தில் பாதிக்கு மேல் தொடாதீங்க.

தம்புராவைக் காணோம்!

போன் மைக் பேச்சுக்காகப் பழக்கப்பட்டது. பின்னணியில் மாறாமல் ஓடும் ஒலியை 'இரைச்சல்' என்று நினைத்து அமுக்குவது சத்தக் குறைப்பின் வேலை. ஃபேன் சத்தத்துக்கு அது சரி. ஆனா கச்சேரியில் மாறாமல் ஓடும் ஒலி எது? தம்புரா! சுருதியையே அழித்துவிட்டுப் பாட்டை மட்டும் அனுப்பும் நிரலை எந்த ரசிகரும் மன்னிக்க மாட்டார். தானியங்கி ஒலியளவும் இப்படித்தான்: வயலின் மெல்ல வாசிக்கும்போது ஏற்றிவிடும், தனி ஆவர்த்தனத்தில் இறக்கிவிடும். கலைஞர் யோசித்து வைத்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும்.

பிரவுசரில் எதிரொலி நீக்கம், சத்தக் குறைப்பு, தானியங்கி ஒலியளவு மூன்றையும் 'வேண்டாம்' என்று கேட்க கெட்யூசர்மீடியாவிலேயே வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் 'வாய்ஸ் கம்யூனிகேஷன்' என்ற ஒலி மூலத்தைத் தவிர்த்துவிட்டு, 'கேம்கார்டர்' மூலத்தையோ, ஆண்ட்ராய்டு 7 முதல் வந்த 'அன்பிராசஸ்ட்' மூலத்தையோ எடுங்க. இரண்டாவது எல்லா போனிலும் கிடைக்காது. இருக்கிறதா என்று நிரலிலேயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

நடுவில் நிற்காமல் இருக்க

ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிக்குப் போன ஆப்பால் கேமராவைத் தொட முடியாது. எனவே அறிவிப்போடு கூடிய ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் அவசியம். திரை அணையாமல் பாருங்க. போன் கால் வந்தால் மைக் போய்விடும். அழைப்புகளை முன்பே தடுத்து வையுங்க. சென்னை வெயிலில் இரண்டு என்கோடர், சார்ஜர், 4ஜி எல்லாம் சேர்ந்தால் போன் கொதிக்கும். சூடு ஏறினால் முதலில் நேரலையின் அளவைக் குறைக்கணும், பதிவைக் கடைசியாகத்தான் தொடணும்.

அனுமதி

மேடையில் பாடுபவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் சட்டப்படி உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு அதை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. கலைஞர், சபா இருவரிடமும் கேட்ட பிறகுதான் ஸ்டாண்டை விரிக்கணும். 'நேரலைக்கு மட்டும் சரி, பதிவு வேண்டாம்' என்றோ 'பதிவு எனக்கு மட்டும்' என்றோ அவர்கள் சொல்லலாம். குழாய்களைத் தனித்தனியாக வைத்திருந்தால் எதையும் ஒரே வரியில் நிறுத்தலாம்.

செய்து பாருங்க

எழுதின நிரலை கேன்டீனில் ஃபுல் வைஃபையில் ஓட்டிப் பார்த்து 'வொர்க் ஆகுது' என்று முடிச்சுடாதீங்க. பதிவும் நேரலையும் ஓடும்போதே மொபைல் டேட்டாவை ஒரு நிமிடம் அணைத்து மறுபடி போடுங்க. பிறகு ஆப்பை வலுக்கட்டாயமாக நிறுத்துங்க. இப்போ ஃபைல்களைத் திறந்து பாருங்க. டேட்டா இல்லாத அந்த ஒரு நிமிடம் பதிவில் முழுசாக இருக்கணும். நிறுத்திய நேரத்துக்கு முந்தைய ஐந்து நிமிடத் துண்டுகள் எல்லாம் ஓடணும். ஒலியும் படமும் கடைசித் துண்டு வரை சேர்ந்தே போகணும். இந்த மூன்றும் சரியாக வந்தால், உங்க போனை நம்பி ஒருத்தர் மேடையேறலாம்.