உங்கள் ஆபீசில் டீ எப்படி வருகிறது?

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டும், எப்படிப் போவது? அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பழக்குவதையும் இயக்கத்தின் வேலையாக்கினார், சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழி செய்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! கல்குவாரித் தொழிலாளர்களும் நர்சுகளும் அங்கன்வாடி ஊழியர்களும் அதில்தான் வேலைக்குப் போனார்கள்.

ஆள் சேர்த்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் மேலாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாலை ஆறரைக்கு மீட்டிங் வைத்துவிட்டு, "லேடீஸ் யாரும் வாய் திறக்க மாட்டேங்கறாங்க" என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. அறந்தாங்கி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்குக் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். மூன்று மணிக்கு வையுங்கள். பேசாதவரைப் பெயர் சொல்லி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அவர் சொன்ன யோசனையை அடுத்தவர் தன்னுடையதாகச் சொன்னால், "இதை அவங்க முன்னாடியே சொன்னாங்க" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது டீ. 2022 டிசம்பரில், அதே மாவட்டத்தின் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட விவகாரத்தில் நேரில் போன அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேயும் இறையூர் டீக்கடையில் இரட்டை டம்ளர், அதாவது தலித்துகளுக்குத் தனி டம்ளர், இருப்பதைக் கண்டார்கள். வழக்கு பதிவானது. அது கிராமத்துச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், துப்புரவு அக்காவுக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அதற்கு என்ன பெயர்? வயதில் மூத்த அவரை "ஏய், இங்க வா" என்று கூப்பிடும் இருபத்தைந்து வயது சூப்பர்வைசரைத் தனியே அழைத்துத் திருத்துங்கள். டீ வாங்கி வருவது, டம்ளர் கழுவுவது எல்லாம் எப்போதும் ஒரே ஆள் தலையில் விழுகிறதா என்றும் பாருங்கள். முறை வைத்துச் செய்யலாம்.

அடுத்தது இருக்கை. கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தருவது உங்கள் பெருந்தன்மை இல்லை; 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது.

பாலியல் தொல்லை என்றால் அட்ஜஸ்ட் செய்துகொள்ளச் சொல்லாதீர்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதையும் பாதிக்கப்பட்டவரிடம் சொல்லிவிடுங்கள்.