திரும்பப் பெறப்படும் இறைச்சி: ஆலையிலிருந்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வரை

2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி, ரொறன்ரோவில் இயங்கிய மேப்பிள் லீஃப் ஃபூட்ஸ் ஆலையொன்றில் தயாரான இருவகை மாட்டிறைச்சித் துண்டுகளை உண்ண வேண்டாம் என்று பொதுமக்கள் எச்சரிக்கப்பட்டனர். ஒரு வாரத்துள் அவ்வாலையின் உற்பத்திகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன. இறைச்சியைத் துண்டுபோடும் இயந்திரங்களின் உட்பாகங்களில், வழக்கமான கழுவுதல் எட்டாத இடங்களில், லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா தங்கியிருந்தமையே பெரும்பாலும் காரணம் எனக் கருதப்பட்டது. நோயுற்றதாக உறுதிசெய்யப்பட்டோர் 57 பேர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்கள் அல்லது மருத்துவமனைகளில் தங்கியிருந்தவர்கள். மருத்துவமனையில் பணியாற்றும் நாம் இதை மறப்பதற்கில்லை.

இத்தகைய திரும்பப் பெறுதல் எவ்வாறு நிகழ்கிறது? நோயாளரின் இரத்தப் பரிசோதனை, ஆலையின் சொந்தச் சோதனை, நுகர்வோர் முறைப்பாடு ஆகியவற்றுள் ஒன்று ஐயத்தை எழுப்புகிறது. கனேடிய உணவு ஆய்வு முகவரகம் விசாரணையைத் தொடங்குகிறது. ஆபத்தின் அளவை ஹெல்த் கனடா மதிப்பிடுகிறது. கடும் நோயோ மரணமோ விளையக்கூடியது எனின் அது முதலாம் வகுப்பு. அப்போது பொது எச்சரிக்கையும் வெளியிடப்படும். பொருளைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளரின் பொறுப்பு. பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே அதைச் செய்கின்றன. மறுப்பின் அமைச்சர் கட்டளையிடலாம். பின்னர் கடைகளின் தட்டுகளிலிருந்து பொருள் உண்மையில் அகற்றப்பட்டதா என்று முகவரகம் சரிபார்க்கும்.

இவை யாவும் ஓர் எளிய ஆவணத்தையே நம்பி நிற்கின்றன. எந்தத் தொகுதி எந்நாளில் எவருக்கு விற்கப்பட்டது என்ற பதிவேடே அது. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, உற்பத்தியாளர் மூலப்பொருளை வாங்கிய இடத்தையும் பொருளை விற்ற இடத்தையும் பதிந்து வைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் திரும்பப் பெறுதலை ஒத்திகை பார்த்தலும் வேண்டும். பதிவேடு தெளிவாக இருப்பின் ஒரு நாளின் உற்பத்தியை மட்டும் பிரித்தெடுக்கலாம். குழப்பமாக இருப்பின் வாரக்கணக்கான உற்பத்தியை அகற்ற நேரும்.

எனினும் அந்தப் பதிவேடு கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பொதியைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அதை வாங்கியவரே. ஆகவே பொதியின் மேலட்டையை எறிந்துவிடாதீர்கள். இறைச்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாலும் குளிர்ப்பெட்டியில் உறையச் செய்தாலும், தொகுதி எண்ணும் திகதியும் உள்ள பகுதியை வெட்டி அதனுடன் வைத்திருங்கள். கடையின் இறைச்சிப் பிரிவில் நேரில் துண்டுபோட்டுத் தாளில் சுற்றித் தரப்படும் ஹாம், வான்கோழி முதலியவற்றில் தொகுதி எண் இருப்பது அரிது. எனவே புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், கருவுற்ற தாய்மார், முதியோர் ஆகியோருக்கு அவற்றைக் குளிர்ந்த நிலையில் கொடுக்க வேண்டாம் என்பதே எமது அறிவுரை. ஆவி பறக்கும்படி, உட்பகுதியும் 74 பாகை செல்சியசை எட்டும்வரை சூடாக்கினால் லிஸ்டீரியா அழிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி அதை அழிப்பதில்லை. அக்குளிரிலும் அது மெதுவாகப் பெருகும்.

எச்சரிக்கைக்காகக் காத்திருப்பதும் போதாது. லிஸ்டீரியா உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 70 நாள்கள் வரை செல்லலாம். நோயாளர்களுக்கிடையே தொடர்பு கண்டறியப்படுவதற்குள் இறைச்சி பெரும்பாலும் உண்ணப்பட்டிருக்கும். 2008இலும் முதல் எச்சரிக்கைக்கு முன்னரே சிலர் நோயுற்றிருந்தனர்.

கோழியிறைச்சியில் வேறொரு மயக்கமும் உண்டு. ரொட்டித்தூள் பூசி உறையவைத்த கோழித் துண்டுகள் சில, வெந்தவை போலத் தோன்றினாலும் பச்சையானவை. சால்மொனெல்லா காரணமாக அவை பலமுறை திரும்பப் பெறப்பட்டுள்ளன. அட்டையிலுள்ள சமைக்கும் முறையைப் படித்தபின் சூடாக்குங்கள்.

திரும்பப் பெறப்பட்ட பொருள் வீட்டில் இருந்தால் அதைச் சுவைத்தோ முகர்ந்தோ பார்க்க வேண்டாம். கெட்ட வாசனை எதுவும் இராது. உறையிட்டு எறியுங்கள், அல்லது கடையில் திருப்பிக் கொடுங்கள். பின்னர் அது இருந்த தட்டைச் சவர்க்காரத்தால் கழுவிக் கிருமி நீக்குங்கள். நோயாளர் அதை ஏற்கெனவே உண்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. உண்டவர் அனைவரும் நோயுறுவதில்லை. உண்ட திகதியைக் குறித்து வைத்து, அடுத்த சந்திப்பில் தாதியரிடமோ மருத்துவரிடமோ கூறுங்கள். காய்ச்சல், தசைவலி, கடும் தலைவலி, கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அந்தச் சந்திப்பு வரை காத்திராமல் அன்றே வாருங்கள். அந்த அட்டைத் துண்டையும் உடன் கொண்டுவாருங்கள்.