சீட்டு வகுத்தலும் சீர்தூக்கலும்

மக்கள் ஓய்வுப்பொழுதைக் கழித்தற்பொருட்டு வகுத்துக்கொண்ட ஆட்டங்கள் பலவாம். அவற்றுள் ஒன்று பன்னூறாண்டு நிலைபெறுதற்கும், மற்றொன்று தோன்றிய ஆண்டிலேயே மறக்கப்படுதற்கும் காரணம் யாது? ஆடுவோர் இருவர்க்கும் இறுதிவரை வெற்றியில் நம்பிக்கை இருத்தலே அக்காரணம் என்பது எமது கருத்து. முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்தில் வல்லவனுக்குச் சுவையில்லை, மெலியவனுக்கு ஊக்கமில்லை. இக்கருத்தை, இக்காலத்து இளைஞர் பெரிதும் விரும்பும் வீரச்சீட்டாட்டத்தின்மேல் வைத்து, அத்தகைய சீட்டுகளை நாமே வகுத்துச் சீர்தூக்கும் முறையை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

ஒவ்வாதார் ஒப்புமை

சீர்தூக்கல் என்றவுடன் இருவர்க்கும் ஒரேவகைப் படை கொடுத்தல் என்று கொள்வார் பலர். அஃது உண்மையன்று என்பதற்கு எம்மூராகிய எருமப்பட்டியின் திண்ணைகளிற் கரிக்கோடு கீறி ஆடும் ஆடுபுலி ஆட்டமே சான்று. ஒருபுறம் புலி மூன்று, மறுபுறம் ஆடு பதினைந்து, நிற்குமிடம் இருபத்துமூன்று. புலி தாவி வெட்டும், ஆடு வெட்டாது. புலியின் வெற்றி ஆடுகளைக் குறைத்தல். ஆட்டின் வெற்றி புலிகளை அசையவொட்டாமல் அடைத்தல். படையும் வேறு, நடையும் வேறு, குறிக்கோளும் வேறு. ஆயினும், 'புலியை எனக்குக் கொடு' என்பானும், 'ஆட்டை எனக்குக் கொடு' என்பானும் ஒரே திண்ணையில் உளர். இதுவே சீர்மையாவது. இருபுறமும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டா; எப்புறம் எய்தினும் ஆடுதற்கு மனம் ஒருப்படுதல் வேண்டும்.

பழைய சீட்டு தரும் பாடம்

நம் நாட்டுப் பழஞ்சீட்டாகிய கஞ்சிபாவிலும் இவ்வுணர்வு காணப்படும். வட்டமாக வெட்டி வண்ணந்தீட்டிய அச்சீட்டுகளில் தசாவதாரக் கட்டென்பது பத்து இனமும், இனத்திற்குப் பன்னிரண்டு சீட்டுமாக நூற்றிருபது சீட்டுகளை உடையது. ஒவ்வோர் இனத்திலும் அரசனும் அமைச்சனும் தலைநிற்க, எஞ்சிய பத்தும் எண்சீட்டுகளாம். அவற்றுள் ஐந்து இனங்களில் பத்து உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நிற்கும். ஏனை ஐந்து இனங்களில் இம்முறை தலைகீழாகி, ஒன்று உயர்ந்தும் பத்து தாழ்ந்தும் நிற்கும். ஆகவே கையில் சிற்றெண் மிக்குற்றோன் அதனாலேயே சோர்வடைய வேண்டுவதில்லை.

சேலம் நாட்டிற்கு அடுத்த மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) சீட்டாட்டத்தில் பெருவிருப்புடையராய்ப் புதுப்புதுக் கட்டுகளை வகுத்தனர். அவர் வகுத்தவற்றுள் பதினெட்டு இனமும் முந்நூற்றறுபது சீட்டும் உடைய கட்டும் உண்டு. ஓவியத்தில் அவை வியத்தற்குரியன. ஆயினும் அவை அரண்மனை கடந்து மக்களிடையே பரவவில்லை. வகுப்போன் அறிவு பெரிதாயினும், ஆடுவோன் நினைவிற்கு எல்லை உண்டு. ஆதலின் முதற்பாடம் இது: ஒரு புதிய விதியைச் சேர்க்குமுன், அஃதின்றி ஆட்டம் நடவாதோ என்று உசாவுக.

மூன்றென்னும் எண்

இக்காலத்து வீரச்சீட்டுகளுக்கு முன்னோடி, கணித அறிஞராகிய ரிச்சர்டு கார்பீல்டு வகுத்து 1993இல் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' என்பது. அதற்கு முன் சீட்டுக்கட்டு என்பது அனைவர்க்கும் ஒன்றே. இவர் வகுத்த முறையிலோ ஒவ்வொருவனும் தான் தேடிய சீட்டுகளினின்று தன் கட்டைத் தானே தொகுப்பன். சீட்டை இறக்குதற்கு ஆற்றல் என்னும் விலை உண்டு. அவ்விலையே சீர்தூக்கலின் துலாக்கோல்.

இத்துலாக்கோல் பிழைபடுமாற்றை அவ்வாட்டத்தின் முதற்றொகுதியிலுள்ள ஐந்து சீட்டுகள் இனிது விளக்கும். ஐந்திற்கும் விலை ஓர் ஆற்றலே. ஐந்தும் தருவது மும்மூன்றே. ஹீலிங் சால்வ் மூன்று உயிரை மீட்கும். லைட்னிங் போல்ட் மூன்று அடி அடிக்கும். ஜயன்ட் குரோத் ஒரு விலங்கின் வலிமையையும் காப்பையும் அம்முறைக்கு மும்மூன்று உயர்த்தும். டார்க் ரிச்சுவல் மூன்று ஆற்றல் தரும். ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று சீட்டுகளை எடுக்கச்செய்யும். எண்ணளவில் ஐந்தும் ஒன்றே. பயனளவிலோ, முதலிற் கூறியதனைத் தம் கட்டிற் சேர்ப்பார் அரியர். இறுதியிற் கூறியதோ, 1994ஆம் ஆண்டிலேயே கட்டுக்கு ஒன்றே என்று வரையறுக்கப்பட்டது. உயிர் மூன்று தோல்வியைச் சிறிது தள்ளிவைக்கும். சீட்டு மூன்றோ மூன்று புதிய வழிகளைத் திறக்கும். எனவே சீட்டின்மேல் எழுதிய எண் அதன் மதிப்பாகாது. அவ்வெண் களத்தில் எதனைச் செய்யவல்லது என்பதே மதிப்பாம்.

ஓரியின் அம்பு

இனி நாமே ஒரு சீட்டை வகுத்துப் பார்ப்போம். எம்மூரினின்று நோக்கின் தோன்றுவது கொல்லிமலை. அதனை ஆண்டவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. அவன் எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது என்பது புறநானூற்று 152ஆம் பாட்டால் அறியப்படும். வீரச்சீட்டிற்கு இதனினும் ஏற்ற பொருள் உண்டோ!

முதற்கண் ஆட்டத்தின் அளவுகளை வரையறுப்போம். கட்டுக்கு முப்பது சீட்டு. ஒரேவகைச் சீட்டு இரண்டிற்கு மேற்படாது. களத்தில் ஒருவர்க்கு ஐந்து விலங்குகளே வரிசையாக நிற்கலாம். முதல் முறையில் ஆற்றல் ஒன்று, இரண்டாம் முறையில் இரண்டு, இவ்வாறே பத்துவரை ஏறும். விலங்குச் சீட்டின் வலிமையும் காப்பும் கூட்டிய தொகை, விலையின் இருமடங்கோடு ஒன்று சேர்ந்த அளவாக இருத்தல் வேண்டும். 2014இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோன் முதலிய ஆட்டங்களை ஆராய்வோர் பலரும் கைக்கொள்ளும் அளவுகோல் இது. இதன்படி விலை 1 எனில் தொகை 3; விலை 3 எனில் 7; விலை 5 எனில் 11.

இனி ஓரியின் சீட்டில், 'எதிரியின் ஐந்து விலங்குகளும் ஒருங்கே வீழ்க' என்று எழுதின், அதற்கு விலை யாது? எதிரி விலை மூன்றுடைய விலங்கு ஐந்தை நிறுத்தியிருப்பின் பதினைந்து ஆற்றல் அழியும். விலை ஒன்றுடைய விலங்கு ஒன்றே நிற்பின் ஓர் ஆற்றலே அழியும். ஒன்றற்கும் பதினைந்திற்கும் இடையே ஊசலாடும் சீட்டிற்கு எவ்விலை இடினும் பொருந்தாது. அன்றியும், எதிரி செய்யத்தக்க காவல் யாதும் இல்லை. அவன் அரிதின் அணிவகுத்த களம் ஒரு கணத்தில் வெறுங்களமாம்.

பாட்டையே மீண்டும் நோக்குவோம். அம்பு ஐந்தையும் ஒருங்கே தாக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்துச் சென்றது. ஆதலின் விதியை இவ்வாறு திருத்தலாம்: 'அம்பின் விசை எட்டு. அது முன்னிற்கும் விலங்கிலிருந்து தொடங்கும். வீழ்ந்த விலங்கின் காப்பு விசையிற் கழியும். எஞ்சிய விசை அடுத்த விலங்கின் காப்பிற்குக் குறையின் அம்பு நிற்கும்.'

இனி நிறுத்துப் பார்ப்போம். வலிமை 5, காப்பு 6 உடைய யானை முன்னிற்பின் அது வீழும். எஞ்சும் விசை 2. அதன்பின் காப்பு மிக்க விலங்கு நிற்பின் அம்பு அமையும். அழிந்தது ஐந்து ஆற்றல். வலிமை 3, காப்பு 4 உடைய புலி இரண்டு நிற்பின் இரண்டும் வீழும். அழிந்தது ஆறு ஆற்றல். வலிமை 2, காப்பு 1 உடைய சிறுவிலங்கு ஐந்து நிற்பின் ஐந்தும் வீழும்; அழிந்தது ஐந்து ஆற்றல். ஒன்றிற்கும் பதினைந்திற்கும் இடைப்பட்ட ஊசலாட்டம் இம்மூன்று நிலைகளில் ஐந்திற்கும் ஆறிற்கும் இடையே அடங்கிற்று. ஆகவே விலை ஆறு எனத் துணியலாம். மேலும், எதனை முன்னிறுத்துவது என்னும் சூழ்ச்சி எதிரிக்கு உரியதாயிற்று. யானையை முன்னிறுத்திப் பின்னுள்ளவற்றைக் காக்கவும் அவனால் இயலும். பாட்டிற்கு உண்மையாக எழுதிய விதியே ஆட்டத்திற்கும் நேர்மையாக அமைந்தமை காண்க.

கொடையே விலையாதல்

விலை ஆற்றலால் மட்டும் தரப்படுவதன்று. பறம்பின் தலைவன் பாரி முல்லைக்குத் தேரீந்தவன். அவன் சீட்டிற்கு விலை மூன்று என வைத்து, ஏழு பெறவேண்டிய இடத்தில் வலிமை ஐந்தும் காப்பு ஐந்துமாகப் பத்துப் பெறச்செய்யலாம். மிகையாய மூன்றிற்கு ஈடாக, 'பாரி களம்புகுங்கால் எதிரி ஒரு சீட்டு எடுத்துக்கொள்க' என்று விதிக்கலாம். மூன்று புள்ளி ஏறத்தாழ ஒன்றரை ஆற்றல். ஒரு சீட்டெடுத்தலின் மதிப்பும் ஏறத்தாழ அதுவே. வள்ளலின் இயல்பே அவன் சீட்டின் விலையாயிற்று. படிப்போன் ஒருமுறை கேட்ட அளவில் மறவாதிருத்தற்கும் இஃது ஏதுவாகும்.

எதிர்த்திணை வேண்டும்

எச்சீட்டிற்கும் மறுமொழி ஒன்று வேண்டும். இதனைப் புறப்பொருள் வெண்பாமாலை கற்பார்க்கு விரித்துரைக்க வேண்டா. ஆநிரை கவர்தல் வெட்சி எனின், மீட்டல் கரந்தை. மண்கருதிச் செல்லுதல் வஞ்சி எனின், எதிரூன்றல் காஞ்சி. மதில் வளைத்தல் உழிஞை எனின், அதனைக் காத்தல் நொச்சி. இம்மூவிணையும் சீட்டு வகுப்பார்க்கு ஆயத்தமாக உள்ள இலக்கணம் போலும்!

ஆனால் மறுமொழி மிகக் குறுகியதாக இருத்தலும் குற்றம். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்தவன் திருமுடிக்காரி. அதுபற்றி, 'காரி வரின் ஓரி வீழ்க' என்று மட்டும் ஒரு சீட்டு எழுதின், எதிரியின் கட்டில் ஓரி இல்லாதபோது அச்சீட்டு வெற்றுத்தாளாம். முப்பது சீட்டில் இருமுறை சேர்த்த ஒரு சீட்டு முதற்கை ஐந்தினுள் வருதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 31. ஒருமுறையே சேர்த்ததற்கு நூற்றுக்கு 17. இத்துணை அரிதாகக் கிட்டும் சீட்டு, கிட்டியபோதேனும் ஏதேனும் ஒரு பயன் தருதல் வேண்டும்.

தேர்வு முறை

ஏட்டிற் செய்த கணக்கு ஆடிப்பார்த்த பின்னரே உறுதிப்படும். பழைய மணவோலை அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, எண்களைப் பென்சிலால் எழுதுக, மாற்றுதற்கு எளிது. இரு கட்டுகளைக்கொண்டு இருபது ஆட்டம் ஆடுக. பத்து ஆடியபின் ஆடுவோர் கட்டுகளை மாற்றிக்கொள்க. இன்றேல் ஆடுவோன் திறமையைச் சீட்டின் திறமையென மயங்க நேரும். யார் முதலில் தொடங்குவது என்பதும் மாறிமாறி வருக. ஒரு கட்டு இருபதில் பன்னிரண்டு வென்றது கண்டு அதனைக் குறைக்க விரைதல் கூடாது. முற்றும் ஒத்த இரு கட்டுகளிடையேயும், குறித்த ஒன்று பன்னிரண்டோ மேலோ வெல்லுதல் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புடையது. பதினாறும் மேலும் வெல்லுதலோ நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. அவ்வழிக் கட்டிலே கோணல் உண்டு என ஐயுறுக. ஒருகால் ஓர் எண்ணையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றின், நோய் தீர்ந்தது எம்மருந்தால் என்பது விளங்காது.

இதனாற் பயன் என்னை?

விளையாட்டிற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனின், வேண்டும் என்போம். 'மேஜிக்' ஆட்டத்தின் பிளாக் லோட்டஸ் என்னும் ஒரு சீட்டு 2021இல் ஐந்து இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அத்துணை அரியன நம்மூர்க் கடைக்கு வாரா. எனினும் உறைக்குள் அடைத்த சீட்டை விலைகொடுத்து வாங்கும் முறை உள்ளவரை, மிகுதியாக வாங்க இயன்றவன் கையிலேயே வலிய சீட்டு மிகும் என்பது கடையூருக்கும் பொருந்தும். தறிக்காரர் மகனும் கோழிப்பண்ணை வேலையாள் மகனும் இரண்டு மாலை தோற்பர். மூன்றாம் மாலை வேடிக்கை பார்ப்பர். நான்காம் மாலை வாரார். ஆட்டம் நின்றுபோதல் சிறிது. தோல்வி தன் பிறப்பொடு வந்தது என்று ஒரு சிறுவன் துணிதலே பெரிது. மணவோலை அட்டையில் நாமே எழுதிய சீட்டிற்கு விலையில்லை. அதனை அனைவரும் எழுதலாம். தவறெனின் அனைவரும் கூடித் திருத்தலாம். விதி அநீதியானதெனின் அதனை மாற்றுதற்குத் தனக்கும் உரிமை உண்டு என்பதைச் சிறுவன் அங்கே கற்பான். அக்கல்வி ஆட்டத்தோடு முடிவதன்று.

ஆகவே, மாணவ அன்பர்களே! அடுத்த விடுமுறையில் நும் ஊர்க்குச் செல்லுங்கால், நும் ஊர் மலைக்கும் ஆற்றுக்கும் உரிய தலைவன் ஒருவனைச் சங்கநூல்களுள் தேடி எடுமின். அவன் செயலை விதியாக்குமின், அதற்கு விலை இடுமின், மறுமொழி வகுமின். பின்னர் நும்மினும் இளையான் ஒருவன் கையில் அக்கட்டைக் கொடுத்து, அவன் நும்மை வெல்ல இயலுமோ என்று பார்மின். இயலுமாயின் சீட்டு செவ்விதின் அமைந்தது என்று அறிமின்.